வெயில் இல்லாத வேர்வை: மாதவிடாய் நிற்கும் காலத்தை அடையாளம் காண்பது எப்படி?

என் அம்மாவுக்கு அப்போது 47 வயது. தை பிறந்த முதல் வாரத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். விடிகாலை முகூர்த்தம். மண்டபத்தில் எல்லோரும் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முன்வரிசையில் இருந்த அம்மா திடீரென்று எழுந்து கை கழுவும் இடத்துக்குப் போனார். பின்னாலேயே போனேன். குழாயைத் திறந்துவிட்டு முகத்தில் தண்ணீரை வாரி வாரி அடித்துக்கொண்டிருந்தார். கழுத்தும் காதும் சிவந்திருந்தன. பட்டு ரவிக்கையின் முதுகுப்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. "என்னம்மா பண்ணுது?" என்றேன். "ஒண்ணுமில்ல, குப்புன்னு சூடா வந்துச்சு, நீ போ" என்றார். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அப்புறம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, குளிர்கிறது என்றார்.

அந்த வருடம் அம்மா ஏறி இறங்கிய ஆஸ்பத்திரிகள் மூன்று. படபடப்புக்கு ஓர் இடத்தில் ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்து நார்மல் என்று அனுப்பினார்கள். முட்டிவலிக்கு எலும்பு டாக்டர் கால்சியம் மாத்திரையும் ஊசியும் கொடுத்தார். தூக்கம் இல்லை என்றதற்கு இன்னொரு இடத்தில் தூக்கமாத்திரை. மூன்று இடத்திலும் ஒருவர்கூட "கடைசியா எப்பம்மா தூரமானீங்க?" என்று கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. முட்டிவலிக்குப் போன இடத்தில், அதுவும் ஓர் ஆண் டாக்டரிடம், அதை எதற்குச் சொல்வது என்று இருந்துவிட்டார். கடைசியாக வந்து அப்போது ஆறு மாதம் ஆகியிருந்தது.

நம் பெண்கள் மெனோபாஸ் அறிகுறிகளைத் தவறவிடுவதற்கு விவரம் தெரியாததுதான் காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொரு அறிகுறிக்கும் நம்மிடம் ஏற்கெனவே ஒரு பெயர் தயாராக இருக்கிறது. வேர்த்தால் வெயில். மூட்டு வலித்தால் வயசு. மறந்தால் வீட்டு டென்ஷன். எரிந்து விழுந்தால் சுபாவம். நெஞ்சு படபடத்தால் பிரஷர். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே பொருத்தமாகத்தான் இருக்கும். நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்ணுக்கு இவற்றில் மூன்று நான்கு ஒரே காலத்தில் வந்து, மாதவிடாயும் முறை தவறத் தொடங்கியிருந்தால், அவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். அங்கேதான் அடையாளம் தெரியும்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் சினைப்பைகளில் 10 முதல் 20 லட்சம் கருமுட்டைகள் இருக்கும். வயதுக்கு வரும்போது அது 3, 4 லட்சமாகக் குறைந்திருக்கும். நாற்பதுகளில் கையிருப்பு கரைந்து, கடைசியில் ஏறக்குறைய ஆயிரம் மிஞ்சும் கட்டத்தில் மாதவிடாய் நின்றுபோகிறது. முட்டை குறையக் குறைய ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்களும் குறைகின்றன. ஆனால் அவை படிப்படியாக, ஒழுங்காக இறங்குவதில்லை. ஒரு மாதம் ஈஸ்ட்ரோஜன் வழக்கத்தைவிட ஏறும், அடுத்த மாதம் சட்டென்று விழும். கோடைக்காலத்துக் கரண்டு மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். பாதித் தொந்தரவுகள் இந்த ஏற்ற இறக்கத்தால் வருபவை.

தொடர்ந்து 12 மாதம் ரத்தப்போக்கே இல்லாமல் இருந்தால்தான் மெனோபாஸ் ஆகிவிட்டது என்று மருத்துவம் சொல்லும். அதாவது பின்னால் திரும்பிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் இது நடக்கிறது. மேலை நாடுகளில் 51. ஆனால் தொந்தரவுகள் அந்த நாள்வரை காத்திருப்பதில்லை. பல பெண்களுக்கு நான்கைந்து வருடம் முன்பே, அதாவது 41, 42 வயதிலேயே ஆரம்பித்துவிடும். "எனக்குத்தான் மாசாமாசம் வருதே, அதெல்லாம் இருக்காது" என்று பெண்களும் சொல்கிறார்கள், சில டாக்டர்களும் சொல்கிறார்கள். மாதவிடாய் வந்துகொண்டிருக்கும்போதே இந்த மாற்றம் தொடங்கிவிடும் என்பது பரவலாகத் தெரிய வேண்டிய செய்தி.

முதல் தடயம் பெரும்பாலும் தேதியில் இருக்கும். 28 நாளுக்கு ஒருமுறை வந்தவருக்கு 24, 25 நாளிலேயே வரும். கொஞ்ச காலம் கழித்து ஒரு மாதம் தள்ளிப்போகும், பிறகு இரண்டு மாதம். அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே ஏழு நாளுக்கு மேல் வித்தியாசம் வரத் தொடங்கினால், அதை மாற்றத்தின் தொடக்கமாக எடுத்துக்கொள்கிறார்கள். 60 நாள் இடைவெளி விழுந்தால் அது பிந்திய கட்டம். போக்கின் அளவும் மாறும். முட்டை வெளிப்படாத மாதங்களில் புரோஜெஸ்டிரோன் சுரக்காது, கருப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போகும். பிறகு அது ஒட்டுமொத்தமாக உடையும்போது கட்டி கட்டியாகக் கொட்டும். நம் ஊரில் இதற்குப் பெரும்பாடு என்றே பழைய பெயர் உண்டு.

பெரும்பாட்டை "நிக்கப்போகுதுல்ல, அப்படித்தான் போகும்" என்று விட்டுவிடுவது ஆபத்து. ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தாலும், ஏழெட்டு நாளுக்கு மேல் நீடித்தாலும், இரண்டு தேதிகளுக்கு நடுவே போக்கு இருந்தாலும் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். நார்க்கட்டி இருக்கலாம், வேறு ஏதாவதும் இருக்கலாம். ரத்தசோகை தனிக் கதை. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுவரையான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஏற்கெனவே ரத்தம் குறைந்த உடம்பில் பெரும்பாடும் சேர்ந்தால், மாடி ஏறும்போது மூச்சு வாங்கும், காலையில் எழும்போதே உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கும். அரிசி களையும்போது ஒரு பிடி பச்சரிசியை வாயில் போட்டு மெல்லத் தோன்றுகிறதா? அது இரும்புச்சத்து குறைந்திருப்பதன் அடையாளமாக இருக்கலாம். இந்த அசதியை மெனோபாஸ் கணக்கில் எழுதிவிட்டால், மாத்திரையில் சரியாகக்கூடிய ஒன்று வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

இனி, அம்மாவைக் குழாயடிக்கு ஓடவைத்த அந்தச் சூடு. ஹாட் ஃப்ளாஷ் என்கிறார்கள். மெனோபாஸ் என்றதும் உலகம் முழுக்க முதலில் சொல்லப்படும் அறிகுறி இதுதான். மூளையின் அடிப்பகுதியில் ஹைபோதலாமஸ் என்ற சிறு பகுதி உடம்பின் வெப்பத்தைக் கண்காணிக்கிறது. சாதாரணமாகக் கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் அது கண்டுகொள்ளாது. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது அங்கே உள்ள சில நரம்பணுக்கள் மட்டுமீறித் தூண்டப்பட்டு, அந்தச் சகிப்பு எல்லை சுருங்கிவிடுகிறது. கால் டிகிரி ஏறினால்கூட உடம்பு கொதிக்கிறது என்று நினைத்து, தோலடியில் உள்ள ரத்தக்குழாய்களைத் திறந்துவிட்டு வியர்வையைக் கொட்டவைக்கிறது. பிறகு வெப்பம் கீழே இறங்கிவிடுவதால் குளிர்கிறது. கல்யாண மண்டபத்தில் நான் பார்த்தது இதே வரிசைதான்.

சென்னையிலோ வேலூரிலோ மே மாதத்தில் இருக்கும் ஒரு பெண் இதை வெயிலிலிருந்து எப்படிப் பிரித்தறிவது? நெஞ்சில் தொடங்கி, கழுத்து, முகம் என்று மேலே ஏறும். சில நிமிடங்களில் அடங்கிவிடும். கூடவே நெஞ்சு படபடக்கும். அதே அறையில் பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றும் இருக்காது. சூடான காபி, காரமான சாப்பாடு, ஒரு வாக்குவாதம் ஆகியவற்றுக்குப் பின்னால் வரும். மார்கழியிலும் வரும். இரவில் வந்தால் நைட்டி தொப்பலாகி, எழுந்து மாற்றிக்கொண்டு படுக்க வேண்டியிருக்கும். சிலருக்கு வாரத்துக்கு ஒன்றிரண்டு, சிலருக்கு ஒரு நாளில் பத்துக்கு மேல். ஓரிரு வருடத்தில் போய்விடும் என்றுதான் முன்பு சொல்லிவந்தார்கள். 1996இல் அமெரிக்காவில் தொடங்கி, பல இனப் பெண்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஸ்வான் என்ற ஆய்வு, அடிக்கடி ஹாட் ஃப்ளாஷ் வருபவர்களுக்கு அது நடுவளவாக 7.4 வருடம் நீடிக்கிறது என்று கண்டது. ஏழு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள் என்று யாரிடமும் சொல்லக் கூடாது.

ஆனால் ஹாட் ஃப்ளாஷை மட்டுமே தேடினால் நம் பெண்களில் பலரைக் காணாமல் விட்டுவிடுவோம். மார்கரெட் லாக் என்ற மானுடவியலாளர் 1980களில் ஜப்பானியப் பெண்களிடம் விசாரித்தபோது, அவர்கள் அதிகம் சொன்னது தோள்பட்டை இறுக்கத்தை. சூடு ஏறுவது என்பது பட்டியலில் எங்கோ கீழே இருந்தது. இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளிலும் அசதி, மூட்டுவலி, தசைவலி ஆகியவையே முன்னால் நிற்கின்றன. என் அத்தை, பெரியம்மா, பக்கத்து வீட்டு அக்கா என யாரைக் கேட்டாலும் "கை காலெல்லாம் குடைச்சல்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். காலையில் எழுந்ததும் விரல் மடங்காது, மாவு பிசைய முடியாது, கொஞ்ச நேரம் வெந்நீரில் வைத்தால் சரியாகும். தோள் இறுகி, ரவிக்கையின் பின்கொக்கியை எட்ட முடியாமல் போவதும் இந்த வயதுப் பெண்களிடம் அதிகம். ஈஸ்ட்ரோஜனுக்கு மூட்டு, தசை, எலும்பு எல்லாவற்றிலும் வேலை இருக்கிறது. அது குறையும்போது அங்கெல்லாம் தெரியும். வலி தெரிகிறது, ஆனால் எலும்பு கரைவது தெரியாது. மாதவிடாய் நின்ற முதல் ஐந்தாறு வருடங்களில்தான் எலும்பு வேகமாக அடர்த்தியை இழக்கிறது. குளியலறையில் வழுக்கி மணிக்கட்டு உடைந்த பிறகுதான் பலருக்கு அது தெரியவருகிறது. மூட்டு வீங்கியிருந்தாலோ, காலை இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ வாதநோய்க்கான பரிசோதனை தேவை. அதை மெனோபாஸ் என்று தள்ளிவிட வேண்டாம்.

தூக்கத்துக்கு ஓர் அடையாளம் சொல்கிறேன். படுத்ததும் தூங்கிவிடுவார், இரண்டு மணிக்கோ மூன்று மணிக்கோ முழிப்புத் தட்டும், அப்புறம் கோழி கூவும்வரை கண்ணை மூட முடியாது. வேர்த்து எழுவதும் உண்டு, காரணமே இல்லாமல் எழுவதும் உண்டு. மாதக்கணக்கில் இப்படிப் போனால் பகலில் என்ன ஆகும்? அடுக்களைக்குப் போய் எதற்கு வந்தோம் என்று நிற்பார். நாக்கு நுனியில் இருக்கும் பெயர் வராது. 20 வருடமாக வகுப்பெடுக்கும் ஆசிரியை கரும்பலகை முன்னால் ஒரு சொல் கிடைக்காமல் தவிப்பார். அல்சைமர் வந்துவிட்டதோ என்ற பயம் உள்ளே அரிக்கும். இந்த மறதி பெரும்பாலும் நிலையானதில்லை, மாற்றக் காலம் தாண்டியதும் சரியாகிறது என்பதை அவர்களிடம் யாராவது சொல்ல வேண்டும்.

எரிச்சலும் அழுகையும் அப்படித்தான். "இப்பல்லாம் எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழற" என்று வீட்டில் சொல்வார்கள். அவருக்கே தன்னைப் பிடிக்காது. பிள்ளைகள் வெளியூர் போவது, மாமியார் படுக்கையில் விழுவது, மகளின் கல்யாணப் பேச்சு எல்லாம் இதே வயதில்தான் வந்து சேர்கின்றன. அதனால் பழியெல்லாம் வீட்டு நிலைமையின் மேல் விழுந்துவிடுகிறது. முன்பு மனச்சோர்வு வந்து மீண்டவர்களுக்கும், குழந்தை பிறந்த பின் மனம் துவண்டவர்களுக்கும் இந்தக் காலத்தில் அது திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மருத்துவ உதவி வேண்டும். வாழ்ந்து என்ன என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். மத்திய அரசின் டெலி மனஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம்.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத பகுதி ஒன்று இருக்கிறது. பிறப்புறுப்பின் உட்பகுதி வறண்டு மெலிந்துபோகிறது. தாம்பத்தியத்தில் வலி, எரிச்சல், அரிப்பு, அடிக்கடி நீர்க்கடுப்பு, தும்மினால் ஒரு சொட்டு கசிவது, பாத்ரூம் போய்ச் சேருவதற்குள் அவசரம். இதனாலேயே பஸ் பயணத்துக்கு முன்னால் தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பெண்கள் எத்தனையோ பேர். கணவனிடம் வலிக்கிறது என்று சொல்லாமல் ஒதுங்கிப் படுப்பதும், அது மனக்கசப்பாக வளர்வதும் நடக்கிறது. ஹாட் ஃப்ளாஷ் ஒரு காலத்தில் அடங்கிவிடும், இந்த வறட்சி தானாக அடங்காது. வருடம் போகப் போகக் கூடும். அதேசமயம், சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படுவதும் இதுதான். உள்ளே தடவும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் பலருக்குச் சில வாரங்களில் பலன் தரும். திரும்பத் திரும்ப நீர்க்கடுப்பு வந்து ஆன்டிபயாடிக் தின்றுகொண்டிருக்கும் ஐம்பது வயதுப் பெண்ணுக்கு முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

தோல் வறட்சி, முடி கொட்டுவது, கண்ணில் மணல் விழுந்த உறுத்தல், தோலுக்கடியில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, நாக்கு எரிச்சல், இடுப்பைச் சுற்றிச் சதை போடுவது எல்லாமும் உண்டு. எல்லோருக்கும் எல்லாம் வராது. ஒரு தொந்தரவும் இல்லாமல் நின்றுபோகிற பெண்களும் இருக்கிறார்கள்.

சரி, மெனோபாஸ் மாதிரியே வேஷம் போடும் நோய்களையும் தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவது தைராய்டு. கூடுதலாகச் சுரந்தால் வேர்வை, படபடப்பு, எடை குறைவு. குறைவாகச் சுரந்தால் அசதி, எடை கூடுதல், மனச்சோர்வு, மாதவிடாய்க் கோளாறு. ஹாட் ஃப்ளாஷ் வந்து வந்து போகும், தைராய்டின் சூடு நாள் முழுக்க இருக்கும், கையை நீட்டினால் விரல் நடுங்கும். இரவு வேர்வையோடு மாலைக் காய்ச்சல், இருமல், எடை குறைவு இருந்தால் காசநோய்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. நடக்கும்போது நெஞ்சை அழுத்தி, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி வந்தால் நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இதயநோய் வாய்ப்பு கூடுகிறது. நாள் தள்ளிப்போவது கர்ப்பமாகவும் இருக்கலாம். கடைசி மாதவிடாய் ஐம்பதுக்கு மேல் என்றால் ஒரு வருடமும், ஐம்பதுக்குள் என்றால் இரண்டு வருடமும் கருத்தடையைத் தொடரச் சொல்கிறார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் யோசிக்கவே வேண்டாம். 12 மாதம் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும். "மறுபடியும் தூரம் வந்துடுச்சு" என்று சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. பெரும்பாலும் வறட்சியால் ஏற்பட்ட புண்ணாக இருக்கும். ஆனால் இப்படி வருபவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் இருக்கிறது. ஆரம்பத்தில் பிடித்தால் குணமாகும் புற்றுநோய் அது.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்கள் நிலை இன்னும் சிக்கல். ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் முப்பதுகளிலேயே அறுவைசிகிச்சை செய்துகொண்ட பெண்கள் அதிகம். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களுக்குக் கூட்டம் கூட்டமாகக் கர்ப்பப்பை அகற்றப்பட்ட செய்தி 2019இல் நாட்டையே உலுக்கியது. சினைப்பைகளையும் சேர்த்து எடுத்திருந்தால், மறுநாளே மெனோபாஸ். பல வருடத்தில் இறங்க வேண்டிய ஹார்மோன் ஒரே நாளில் விழுவதால் தொந்தரவு கடுமையாக இருக்கும். சினைப்பையை விட்டுவைத்திருந்தால், மாதவிடாய் என்ற நாட்காட்டியே இல்லாததால் எப்போது மெனோபாஸ் வந்தது என்று தெரியாது. உடம்பு சொல்வதை மட்டும் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆபரேஷன் ஆனவர்கள் எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்துத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றாலும் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். அவ்வளவு சீக்கிரம் ஈஸ்ட்ரோஜன் போவது எலும்புக்கும் இதயத்துக்கும் கேடு.

45க்கு மேற்பட்டவருக்கு அறிகுறிகள் தெளிவாக இருந்தால் ஹார்மோன் ரத்தப்பரிசோதனை பெரும்பாலும் தேவையில்லை. இன்று ஏறி நாளை இறங்கும் ஒன்றை ஒருநாள் அளந்து பயனில்லை. ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு இவற்றுக்குச் செலவழிக்கும் காசு வீண்போகாது. குறைந்துபோன ஹார்மோனை மருந்தாகக் கொடுப்பதுதான் ஹார்மோன் சிகிச்சை. அது என்றாலே புற்றுநோய் என்ற பயம் 2002இல் வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்விலிருந்து பரவியது. அதில் பங்கேற்றவர்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள், அறுபது வயதுக்குள் தொடங்கும் பலருக்கு நன்மையே அதிகம் என்பது இன்றைய புரிதல். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்கள் முதலியோருக்கு அது ஏற்றதில்லை, அவர்களுக்கு ஹார்மோன் இல்லாத மருந்துகள் இருக்கின்றன. டாக்டரிடம் பேசி முடிவெடுக்க வேண்டியது இது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கக் கூடாது.

என் அக்காவுக்கு இப்போது 46. அவள் வீட்டு அடுக்களைச் சுவரில் பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டர் தொங்குகிறது. பால் கூடுதலாக வாங்கிய நாளில் ஒரு கோடு, பால்காரர் வராத நாளில் ஒரு சுழி. அதே கட்டங்களின் மூலையில் சிவப்புப் பேனாவில் இன்னொரு கணக்கும் எழுதத் தொடங்கினாள். தூரமான நாளுக்குப் புள்ளி, அதிகம் போனால் இரண்டு புள்ளி, இரவில் வேர்த்து எழுந்தால் 'வே', தூக்கம் கெட்டால் 'தூ', விரல் மடங்காத நாளுக்கு 'மூ'. ஐந்து மாதம் ஆனதும் அந்தத் தாள்களைக் கிழித்து மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு மகளிர் மருத்துவரிடம் போனாள். நானும் கூடப் போயிருந்தேன். அவர் தாள்களை மேஜையில் வரிசையாகப் பரப்பி, சிவப்பு எழுத்துகளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். ஜூலையில் புள்ளியே இல்லாத கட்டங்களில் 'வே'யும் 'தூ'வும் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. "இது எப்ப ஆரம்பிச்சதும்மா?" என்று கேட்டு, பேனாவைத் திறந்தார்.